இடையறாத குளிர்த்தி

வைகாசியில் மட்டக்களப்பு மக்கள் ஒரு தெய்வத்தைக் குளிர்விக்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி சாத்திக் கிடக்கும் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவுகள் அந்தச் சில நாட்களுக்குத் திறக்கும். செட்டிபாளையத்திலும் புதுக்குடியிருப்பிலும், தெற்கே காரைதீவிலும் தம்பிலுவிலிலும் ஊர் திரளும். கண்ணகியின் கதை சொல்லும் வழக்குரை படிக்கப்படும். நிறைவில் குளிர்த்தி பாடப்படும். மதுரையை எரித்த சினம் இந்த வாவிக்கரைக்கு வந்து தணிய வேண்டும். தணிந்தால்தான் மழை வரும், நோய் விலகும், வயல் விளையும் என்பது நம்பிக்கை.

அந்த மாதம் சும்மா வாய்த்ததாகத் தெரியவில்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கி வரும் காலம் அது. இங்கே அதற்குப் பெயர் கச்சான். கச்சான் அடிக்கிற பகலில் முற்றத்து மணல் உள்ளங்காலைச் சுடும், கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் உலர்ந்து விறைக்கும், பேச்சுக்கூடக் குறைந்துபோகும். எரிகிற காலத்தில் எரிந்தவளை நினைத்துக் குளிர்த்தி செய்த மனிதர்களுக்கு வெம்மையைப் பற்றி ஒரு தெளிவு இருந்திருக்கிறது. வெம்மையை வெல்ல முடியாது, தணிக்கலாம். தணிப்பதற்கும் ஊர் கூட வேண்டும். இந்த வைகாசியில் தணித்துவிட்டோம் என்று இருந்துவிடவும் முடியாது. அடுத்த வைகாசியிலும் கதவைத் திறந்து, மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டும்.

இதே தெளிவோடுதான் அவர்கள் வீடும் கட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

56 கிலோமீற்றர் நீளமான ஒரு வாவியை நடுவில் வைத்து, ஒரு கரையை ஞாயிறு எழும் எழுவான்கரை என்றும் மறுகரையை ஞாயிறு படும் படுவான்கரை என்றும் பெயரிட்ட மக்கள் இவர்கள். நிலத்துக்கே வெயிலின் வழியைக் கொண்டு பெயர் வைத்தவர்கள், வீட்டுக்கு வாசல் வைக்கும்போது அந்த வழியை அறியாமலா வைத்திருப்பார்கள்? பாலைமரக் கப்பு நட்டு, வரிச்சுக் கட்டி, குழைத்த மண்ணை உருண்டை உருண்டையாக வைத்து அப்பிய சுவர். கிடுகோ வைக்கோலோ வேய்ந்த கூரை. ஆள் குனிந்துதான் நுழையலாம் என்ற அளவுக்குச் சுவரைத் தாண்டி இறங்கிய தாழ்வாரம். அதன் நிழலில் ஒரு திண்ணை. படுவான்கரையில் இன்னமும் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கின்றன. கச்சான் காலத்து நண்பகலில் அப்படி ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது ஏற்கெனவே தெரியும். வெளியே இத்தனை எரிச்சல் இருந்தும் அந்தச் சுவர் நம் உடம்பிலிருந்து கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

அந்தக் குளிர்மைக்கு மண்ணையே காரணமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதில் ஒரு திருத்தம் வேண்டும். பகலில் கொதித்து இரவில் உறையும் பாலைவனத்தில் தடித்த மண்சுவர் செய்யும் வேலையை, இரவிலும் புழுக்கம் விடாத ஒரு கடலோரத்தில் அது முழுதாகச் செய்ய முடியாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்குச் சூரியன் பக்கத்தால் வருவதைவிடத் தலைக்கு மேலால் வருவதே அதிகம். ஆகவே இங்கே வீட்டைக் காத்தது முதலில் கூரை. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே அடைபட்ட காற்று சூட்டைக் கீழே விடவில்லை. தாழ்வாரம் வெயில் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டது. பகலில் கடலிலிருந்தும் இரவில் தரையிலிருந்தும் மாறி மாறி வந்த காற்று கதவுக்கும் கோடிப்புறத்துக்கும் இடையே தடையில்லாமல் ஓடியது. களிமண், காற்றில் ஈரம் மிகும்போது வாங்கி வைத்து, உலர்கிறபோது திருப்பிக் கொடுத்தது. மனிதர்களும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. பகலைத் திண்ணையிலும் இரவை முற்றத்திலும் கழித்தார்கள். குளிர்மை எந்த ஒரு பொருளின் குணமாகவும் அங்கே இருக்கவில்லை. மண், ஓலை, நிழல், காற்று, பழக்கம் ஆகியவை ஒன்றுக்கொன்று இடம் விட்டு நின்ற ஓர் ஒழுங்கில் அது பிறந்தது. இந்த ஒழுங்கிலிருந்து சுவரை மட்டும் பெயர்த்தெடுத்து, மேலே ஒரு தகரத்தைப் போட்டுவிட்டு, மண்வீடு குளிரவில்லையே என்று கேட்பதில் நியாயம் இல்லை.

பிறகு அந்த ஒழுங்கு குலைந்தது. ஏன் குலைந்தது என்பதை, குலைத்தவர்களைக் குற்றவாளியாக்காமல் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை அனுபவித்தவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். கூரை பறந்து, தென்னைகள் முறிந்து, விடியும்போது வானத்துக்குக் கீழே நின்ற ஒரு குடும்பத்திடம் கிடுகின் பெருமையைப் பேச யாருக்கும் உரிமை இல்லை. பின்னர் போர் வந்தது. ஒரே ஆயுளில் பலமுறை மூட்டையைக் கட்டி, பலமுறை திரும்பி, எரிந்த வளவில் மீண்டும் கப்பு நட்டவர்கள் எத்தனையோ பேர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அதற்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றர் தூரத்துக்குக் கட்டக்கூடாது என்ற விதி வந்தது. கொதிக்கும் தகரக் கொட்டில்களில் மாதக்கணக்கான காத்திருப்பு வந்தது. இத்தனையும் பட்ட மனிதன் தனக்கென்று ஒரு வீட்டை நினைக்கும்போது கல்லை நினைக்கிறான், சீமெந்தை நினைக்கிறான், கொங்கிறீற்றை நினைக்கிறான். அது ஆடம்பரத்தின் ஆசையாக இருக்கவில்லை. இனிமேல் அசைய மாட்டேன் என்ற சொல்லைச் சீமெந்தில் எழுத விரும்பினான். மண்வீடு வறுமையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது என்பதும் இதில் சேரும். பெண் கேட்டு வருபவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதைகள் நம் ஊர்களில் குறைவில்லை.

அந்த ஆசைக்கு அரசாங்கத்தின் ஏட்டில் ஒரு பெயரும் கிடைத்தது: நிரந்தர வீடு. குடிசன மதிப்பீட்டில் வீடுகள் நிரந்தரமானவை, அரை நிரந்தரமானவை என்று வகுக்கப்படுகின்றன. மண்சுவரும் ஓலைக்கூரையும் இரண்டாவது வகைக்குள் தள்ளப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு அரை நிரந்தரம். நேற்றுக் கட்டி முடித்த சீமெந்துக் கல் வீடு நிரந்தரம். உதவித்திட்டமும் கடனும் கௌரவமும் இந்தச் சொல்லின் பின்னால் நடக்கின்றன. ஒரு சொல் ஏட்டில் ஏறினால் அது நிலத்தில் இறங்கிச் சுவராகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிரந்தர வீட்டுக்குள் நாம் குடிபுகுந்தோம். வெயிலும் நம்மோடு குடிபுகுந்தது. மெல்லிய அஸ்பெஸ்ரஸ் சீற் காலை பத்து மணிக்கே சூட்டை இறக்கத் தொடங்கும்; மாலையில் ஓய்ந்த வெயிலைச் சீமெந்துச் சுவர் தன்னுள் வைத்திருந்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு மூச்சாக வெளியே விடும். நிலத்தை மிச்சம் பிடிக்கத் தாழ்வாரத்தைக் குறைத்தோம். மதிலை உயர்த்திக் காற்றை மறித்தோம். பிறகு விசிறி வாங்கினோம். வசதி உள்ளவர்கள் குளிரூட்டி வாங்கினார்கள். தீவின் மறுகரையில் நுரைச்சோலையில் கடல் கடந்து வந்த நிலக்கரி எரிகிறது. அந்த நெருப்பில் பிறந்த மின்சாரமும் கலந்து நாட்டைக் குறுக்கே கடந்து வந்து மட்டக்களப்பின் கல்லடியில் ஓர் அறையைக் குளிர்விக்கிறது. அந்த அறையின் சூட்டை அறையின் கூரையே உண்டாக்கியது. ஒரு பிழையைத் திருத்துவதற்கு இத்தனை தூரம் போக வேண்டியிருக்கிறது.

2022இன் முற்பகுதியில் இந்தக் கணக்கை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்டும் காலம் வந்தது. மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. விசிறி நின்ற கணத்தில் வீடு என்று நாம் நம்பியிருந்தது என்ன என்பது தெரிந்தது. வெப்பம் நிறைந்த ஒரு பெட்டிக்குள் இருந்துகொண்டு, அதை இருக்கத்தக்கதாக ஆக்கும் வேலையை ஒரு கம்பியிடம் ஒப்படைத்திருந்தோம். அந்த இரவுகளில் சனம் முற்றத்துக்கு வந்தது. மதில்களுக்கு மேலால் நெடுநாள் பேசாதவர்கள் பேசினார்கள். அதே ஆண்டில் சீமெந்துப் பொதியின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகள் புல் முளைத்துக் கிடந்தன. தூரத்துப் பொருளிலும் தூரத்து எரிபொருளிலும் கட்டிய நிரந்தரம் ஒரு துறைமுகத்தில் கப்பல் வராததால் ஆடிப்போனது.

இந்தத் தூரம் இன்னும் எவ்வளவு நீளலாம் என்பதற்கு 2022க்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு முன்மாதிரி காட்டப்பட்டிருந்தது. போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்காக 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் 2016இல் முன்வைக்கப்பட்டது. ஆர்செலர் மித்தல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனம் பாகங்களைச் செய்து அனுப்பும். இங்கே பூட்டி நிமிர்த்தலாம். ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். அதற்கு முன்னர் இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். அதில் குடும்பங்கள் தாங்களே மேசனைப் பிடித்து, தங்கள் வளவிலேயே கல் அரிந்து, வீட்டை எழுப்பியிருந்தார்கள். வெயிலில் உருக்கு என்னவாகும், உப்புக்காற்றில் அதன் ஆயுள் என்ன, பின்னாளில் ஓர் அறை கூட்ட விரும்பினால் யாரைக் கேட்பது, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் இதில் என்ன வேலை என்று மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளர்கள் உட்படப் பலர் கேட்டார்கள். அந்த அளவில் திட்டம் நிறைவேறவில்லை. அதைத் தடுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தத் திட்டத்தில் நாம் ஏறிவந்த பாதையின் அடுத்த படிதான் இருந்தது. மண்ணிலிருந்து சுட்ட கல்லுக்கும், கல்லிலிருந்து சீமெந்துக்கும், சீமெந்திலிருந்து உருக்குக்கும் போகப் போக, வீட்டைக் கட்டும் கை வீட்டுக்காரனிடமிருந்து ஒவ்வொரு படி விலகிப் போகிறது.

இனி அந்தச் சொல்லுக்குத் திரும்புவோம். நிரந்தரம். வடமொழியிலிருந்து நமக்கு வந்த சொல். அந்தரம் என்றால் இடைவெளி. நிர் என்பது இன்மை. இடைவெளி இல்லாதது, இடையறாதது என்பதே அதன் முதற்பொருள். அழியாதது என்ற பொருளை நாம் பின்னால் ஏற்றிக்கொண்டோம். இந்தச் சிறு வேறுபாட்டில் ஒரு பெரிய வழி திறக்கிறது. அழியாமை பொருளுக்குள் இருப்பதாக நாம் நினைக்கிறோம். ஆகவே கடினமான பொருளைத் தேடுகிறோம். இடையறாமை பொருளுக்குள் இருக்க முடியாது. பொருளுக்கும் அதைப் பேணுகிறவருக்கும் நடுவே மட்டுமே அது இருக்க முடியும். வெள்ளிதோறும் சாணம் கரைத்து மெழுகிய தரை, ஒவ்வொரு மாரிக்கு முன்பும் மண் பூசிய சுவர், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிய கிடுகு: இந்தத் திருத்தங்களுக்கு இடையே விழுந்த இடைவெளி சிறியது. அந்த வீட்டின் எந்தத் துண்டும் நெடுநாள் நிற்கவில்லை, வீடு நின்றது. சொல்லின் பொருளை நேர்மையாகப் பார்த்தால், மட்டக்களப்பின் நிரந்தர வீடு ஏட்டில் அரை நிரந்தரம் என்று எழுதப்பட்ட அந்த வீடுதான்.

மேற்கு ஆபிரிக்காவில், மாலி நாட்டின் ஜென்னே நகரத்தில் ஒரு பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. முழுக்க மண். இன்றுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நகரமே திரண்டு அதற்கு மண் பூசுகிறது. சுவரில் நீட்டிக்கொண்டு நிற்கும் மரத்தடிகளில் ஏறி நின்று இளைஞர்கள் பூச, கீழேயிருந்து சேறு குழைத்துக் கூடை கூடையாகக் கொண்டுபோகிறார்கள். ஓர் ஆண்டு விட்டால் வெடிக்கும். சில ஆண்டுகள் விட்டால் கரையத் தொடங்கும். ஒரு நூற்றாண்டைக் கடந்து அது நிற்கிறது. நம் குளிர்த்தியை நினைத்துக்கொண்டுதான் நான் அதை நினைக்கிறேன். ஒரு சமூகம் ஆண்டுக்கு ஒருமுறை கூடித் தன் புனிதமானதைத் தன் கைகளால் புதுப்பிக்கிறது. புதுப்பிக்கும்போது தன்னையும் புதுப்பித்துக்கொள்கிறது. அந்தச் சுவர் கரையக்கூடியது என்பதே அந்த நகரத்தை ஒன்றாக வைத்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வியைக் கேட்காமல் மேலே போவது பொய்யாகும். அந்த இடையறாப் பராமரிப்பு யாருடைய முதுகில் நடந்தது? சாணம் அள்ளியது யார், மெழுகியது யார், கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து மண் குழைத்தது யார்? பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கூலி இல்லை. அந்த வேலைக்கு வேலை என்ற பெயரும் இல்லை. இன்று அந்தப் பெண்களின் பேத்திகள் ஆடைத்தொழிற்சாலைக்குப் போகிறார்கள், பாடசாலையில் கற்பிக்கிறார்கள், வளைகுடா நாடொன்றில் வேறொருவர் வீட்டைத் துடைத்து அனுப்பும் பணத்தில் இங்கே சீமெந்து வீடு எழுகிறது. அவர்களிடம் போய், திரும்பி வந்து சுவரை மெழுகு என்று சொல்லும் பழைமைப்பற்று அன்பற்றது. பழைய வீட்டைப் போற்றும் எழுத்துகள் பலவும் இந்த இடத்தைத் தாவிக் கடந்துவிடுகின்றன. தாவ முடியாது. பாரம்பரியப் பொருளைக் கொண்டு புதிதாக வீடு சமைக்கும் பரிசோதனைகளுக்கு உண்மையான அர்த்தம் இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது: பேணுதல் என்ற உறவை அறுக்காமல், பேணுதலின் பாரத்தை மட்டும் குறைப்பது.

அப்படிப்பட்ட பரிசோதனைகள் நமக்குத் தூரத்தில் இல்லை. லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் தன் ஆயுளின் பிற்பகுதியைத் திருவனந்தபுரத்தில் கழித்து 2007இல் மறைந்தார். இளமையில் காந்தியைச் சந்தித்தபோது, நல்ல வீடு என்பது அது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்பட வேண்டும் என்று அவர் சொன்னதைப் பேக்கர் மறக்கவே இல்லை. பாண்டிச்சேரிக்கு அருகே ஓரோவில்லில், மேல்மண்ணை ஒதுக்கி அடிமண்ணை எடுத்து, நூற்றுக்கு ஐந்து பங்களவு சீமெந்து சேர்த்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே கல்லாக்கும் முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். செங்கல்லைச் சுட எரியும் விறகு அங்கே காட்டிலேயே நிற்கிறது. நம் நாட்டில், கடற்கோளுக்குப் பிறகு அம்பாந்தோட்டையின் கிரிந்தையில், முஸ்லிம் மீனவர்களுக்காக ஜப்பானியக் கட்டடக்கலைஞர் சிகேரு பான் அழுத்திய மண்கல்லாலும் இலங்கையின் இறப்பர் மரத்தாலும் வீடுகள் அமைத்தார். அறைகளுக்கும் சமையலறைக்கும் நடுவே, கூரை உண்டு சுவர் இல்லை என்ற ஒரு வெளியை விட்டார். காற்று அதனூடாகப் போகும், வலை பின்னலாம், விருந்தினர் வரும்போது பெண்கள் தங்களுக்கென ஒதுங்கவும் வசதி உண்டு. அது நம் திண்ணை, வேறொரு பெயரில். 2009இல் அழுத்திய மண்கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரநிர்ணயம் இலங்கையிலும் வந்துவிட்டது. ஆகவே மண் இனி ஏட்டுக்கு வெளியே நிற்கும் பொருளும் இல்லை.

ஆயினும் இந்த வரிசையில் ஒரு தோல்வியையும் வைக்க வேண்டும். எகிப்தில் ஹசன் பாத்தி என்ற பெரிய கலைஞர் 1940களின் நடுப்பகுதியில் கூர்னா என்ற ஊரின் மக்களுக்காக மண்ணால் ஒரு புதிய ஊரையே கட்டினார். பழைய நூபியக் கொத்தர்களின் முறையில் வளைவுகளும் குவிமாடங்களும் எழுந்தன. உலகம் வியந்தது. கூர்னா மக்கள் குடியேற மறுத்தார்கள். இடத்தை விட்டுப் பெயர விரும்பாததற்கு அவர்களுக்கென்று காரணங்கள் இருந்தன. குவிமாடம் அவர்கள் கண்ணுக்குக் கல்லறையின் வடிவமாகவும் தெரிந்தது. மண் சரியாக இருந்தது, கணக்குச் சரியாக இருந்தது, காற்றும் சரியாக ஓடியது. குடியிருக்க வேண்டியவர்களின் மனம் மட்டும் அந்தச் சுவருக்குள் குழைக்கப்படவில்லை. உருக்கு வீட்டைத் திணிப்பதும் மண்வீட்டைத் திணிப்பதும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. மட்டக்களப்பில் நாளை ஒருவர் நல்லெண்ணத்தோடு வந்து மண்கல் வீடு கட்டித் தருவார் என்றால், அந்த வீட்டின் சுவரைப் பார்த்து ஒரு தாய் தன் மகளின் கலியாணத்தை நினைத்துக் கலங்காதிருப்பாளா என்பதையும் அவர் தன் பரிசோதனைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து நினைக்கும்போது, சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுதல் என்று நாம் கூறிவரும் செயல் மின்மானியின் சுழற்சியோடு முடிந்துவிடும் ஒன்றாக எனக்குப் படவில்லை. ஒரு வீடு நிற்பதற்கும் குளிர்வதற்கும் எப்போதும் ஏதோ ஒரு சக்தி தேவைப்பட்டே இருந்திருக்கிறது. முன்பு அந்தச் சக்தி வேய்ந்த கையிலும், மண் குழைத்த காலிலும், கூரை போடும் நாளில் கூப்பிடாமலே வந்து நின்ற அயலவரின் தோளிலும் இருந்தது. அந்தக் கையையும் காலையும் தோளையும் வேண்டாம் என்று நாம் விலக்கியபோது, அவை நின்ற இடம் வெறுமையாகக் கிடக்க முடியாதபடியால், நிலக்கரியும் எண்ணெயும் வந்து அங்கே நின்றுகொண்டன. நாம் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்ற விடுதலைக்குத்தான் பூமி விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு சீமெந்திலிருந்து மட்டுமே வருகிறது என்ற கணக்கைப் படிக்கும்போது, அதனுள் நம் ஊரில் கலைந்துபோன கூட்டு உழைப்பின் நிழலும் விழுந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பேணத் தேவையில்லாத ஒன்றை உண்டாக்கிவிட்டால் கவலையிலிருந்து தப்பலாம் என்று நம்பிய மனிதன், பேணத் தேவையில்லாதது எதுவும் உலகில் இல்லை என்பதையும், ஓரிடத்தில் தான் செய்ய மறுத்த பேணுதலை வேறோர் இடத்தில் ஓர் ஆறும் ஒரு காடும் இன்னும் பிறக்காத ஒரு குழந்தையும் தனக்காகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதையும், வாங்கிய சுவர் கொதிக்கத் தொடங்கிய பிறகே உணர்கிறான். உணர்ந்த பிறகு அவனுக்கு முன்னால் இருக்கும் வழி பழைய குடிசைக்குத் திரும்புவதாக இருக்க வேண்டியதில்லை, தன் வீட்டுக்கும் தனக்கும், தன் வளவுக்கும் அயலவனின் வளவுக்கும், தன் காலத்துக்கும் பின்வரும் காலத்துக்கும் நடுவே விழுந்துவிட்ட அந்தரத்தைத் தன் கைக்கு எட்டிய அளவில் அடைப்பதாக இருந்தாலே போதும்.

கைக்கு எட்டிய அளவு என்பது பெரிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிள்ளைகள் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களின் மண்ணை ஊர் ஊராகப் பரிசோதித்து ஒரு வரைபடம் செய்ய முடியும். மாரி வெள்ளம் ஏறும் இடத்தில் எந்த மண்ணும் தனியே நிற்காது. அங்கே மேடு உயர்ந்த அத்திவாரமும் சூறாவளிக்குக் கட்டுண்ட கூரையும் வேண்டும், அதற்குச் சீமெந்தும் கம்பியும் கொஞ்சம் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரதேச சபைகள் ஒரு வாசிகசாலையை, ஒரு முன்பள்ளியை, ஒரு மீனவர் சங்கக் கட்டடத்தை மண்கல்லால் கட்டட்டும். வறியவனின் வீட்டில் முதலில் சோதித்துப் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். பொதுக் கட்டடம் மண்ணால் எழுந்து, அதில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால், மண்ணின் மேல் விழுந்த இழிவு தானாகக் கழியும். தாழ்வாரத்தை நீட்டுவதற்கும் மேற்கே ஒரு வேம்பை நடுவதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவற்றை ஏற்கெனவே கட்டிய சீமெந்து வீட்டுக்கும் செய்யலாம்.

இந்த ஆண்டு அத்திவாரம் வெட்டவிருக்கும் எவருக்கும் ஒரு வேண்டுகோள். கல்லுக்கு முற்பணம் கொடுக்கப் போகும் முன், உங்கள் வளவில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். மேல்மண்ணை ஒதுக்கி, அடியில் இருப்பதில் இரண்டு பிடி எடுத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கித் திண்ணையில் வைத்துவிடுங்கள். விடியும்போது மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படிந்திருக்கும். பிள்ளைகளையும் கூப்பிட்டு, அதை ஒருமுறை பாருங்கள்.